தலைகீழாய் நின்ற மழை ஏடுகள்

நூலகம் என்றால் முன்னால் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர்கள்தான் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. ஓட்டலுக்கு அடுப்படி மாதிரி அதற்கும் ஒரு பின்னறை உண்டு. புத்தகம் வண்டியிலிருந்து இறங்கினால் முதலில் அங்கேதான் வரும். ஒருவர் பிரித்துச் சரிபார்ப்பார். ஒருவர் அது எதைப் பற்றியது என்று பட்டியலில் ஏற்றுவார். ஒருவர் முதுகில் எண் ஒட்டுவார், பிய்ந்ததைத் தைப்பார். அதெல்லாம் முடிந்த பிறகுதான் புத்தகம் அலமாரி ஏறும். அந்த அறையில் இருப்பவர்கள் முகம் வாசகனுக்குத் தெரியாது. சாப்பிடுகிறவன் சமையல்காரன் முகத்தையா பார்த்துக்கொண்டிருக்கிறான்?

அப்படி ஒரு பின்னறையில் இருபத்தெட்டு வருஷம் ஒட்டிக்கொண்டும் தைத்துக்கொண்டும் இருந்தவர் பசையண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டு, பல்கலைக்கழகத்துக்கு மூட்டை இறக்க வந்த ஆள். ஒருநாள் கிழிந்த அகராதி ஒன்றை யாரும் கேட்காமலே ஒட்டிக் கொடுத்தார். அன்றைக்கு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பசை அவரே கிண்டுவார். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு, கரண்டியில் எடுத்தால் விழலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பதத்தில் இறக்குவார். அவர் ஒட்டினதை உரிக்க வேண்டும் என்றால் தாள் கிழியும், அட்டை பிய்யும், ஒட்டு மட்டும் விடாது. “உன் கல்யாணத்துக்கும் இதே பசையைத்தான் தடவினியா தம்பி?” என்று பட்டியல் அக்கா கேட்பாள். அக்காவுக்கு ஐம்பத்தெட்டு, இவருக்கு ஐம்பத்துநாலு. இந்த வயதில் தன்னைத் தம்பி என்று கூப்பிட ஓர் ஆள் இருப்பதில் பசையண்ணனுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

அக்கா கேட்டது பொய்யில்லை. வீட்டுக்காரியும் அவரும் ஒட்டினது ஒட்டினதுதான். பிள்ளைகள் இல்லை. மூன்று வருஷமாக அவள் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு. ஓரமெல்லாம் தெரியும், நேராகப் பார்க்கிறது மட்டும் தெரியாது. “உங்க மூஞ்சியைப் பாக்காம காதை மட்டும் பாக்க முடியுது. இதுவும் ஒரு புண்ணியந்தான்” என்பாள். ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் கண்ணுக்குள் ஊசி. அது போட்டால்தான் பொட்டு பெரிசாகாமல் நிற்கும். பல்கலைக்கழகம் தருகிற மருத்துவ அட்டை இருந்தால்தான் அந்த ஊசி. அட்டை இல்லாதவன் அந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்று பூச்செடியைப் பார்த்துவிட்டு வரலாம்.

சாயங்காலம் வந்ததும் செய்தித்தாளை அவர்தான் அவளுக்குப் படித்துக் காட்டவேண்டும். சலிப்பு வந்தால் நடுவில் ரெண்டு வரியைத் தாண்டிவிடுவார். அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

“நிறுத்துங்க. லாரி மோதுச்சு, அப்புறம் அமைச்சர் பேசினார்ங்கறீங்க. நடுவுல செத்தவன் எங்க போனான்?”

“அது ஒரு வரிதான்.”

“அவனுக்கு அது ஒரு வரியா?”

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பல்கலைக்கழகம், அந்தப் பக்கம் ஒரு பல்கலைக்கழகம். ஐந்து வருஷமாகப் பேசிப் பேசி, ரெண்டும் கூட்டாளி என்று கையெழுத்துப் போட்டார்கள். ரெண்டு நூலகமும் தனித்தனியாகவே இருக்கும், பின்னறை மட்டும் ஒன்று என்றார்கள். ரெண்டு வீட்டுக்கு ஒரே அடுப்படி, அதுவும் அந்தப் பக்கத்தில். இங்கே ஒன்பது பேர், அங்கே ஏழு பேர், சேர்ந்த பிறகு பதினோரு நாற்காலி. மீதி ஐந்து பேரை என்ன செய்வது என்பதற்கு ஒரு நல்ல சொல் கண்டுபிடித்தார்கள்: உபரி. அக்காவுக்குப் பயமில்லை. பட்டியல் போடத் தெரிந்தவர்கள் குறைவு, அவளுக்கும் இன்னும் ரெண்டே வருஷம்தான். ஆனால் ஒட்டுகிற வேலைக்கு ஒரே நாற்காலி. உட்கார ஆள் ரெண்டு. இந்தப் பக்கம் பசையண்ணன். அந்தப் பக்கம் கத்திரி.

கத்திரி முப்பத்தாறு வயதுக்காரன். தாள் ஓரத்தை அளவுகோல் வைக்காமலே மயிரிழை பிசகாமல் வெட்டுவான் என்பதால் அந்தப் பெயர். ரெண்டு குழந்தைகள். ஆறு வருஷ சர்வீஸ். முதல்நாள் பார்க்க வந்தபோதே காலைத் தொட்டுக் கும்பிடாத குறை.

“அண்ணே, உங்க பசையைப் பத்திப் பாலத்தைத் தாண்டியும் பேச்சு இருக்குண்ணே. நான் ஒட்டினா ஆறு மாசத்துல வாயைப் பொளந்துருது.”

“துத்தம் அதிகம் போடற. பசைக்கு மருந்து குடுக்கணும், விஷம் வெக்கக்கூடாது.”

“யாராவது ஒருத்தர்தான் இருக்கணும்கறாங்களேண்ணே.”

“பாப்போம்” என்றார் பசையண்ணன். பையனைப் பிடித்துத்தான் இருந்தது. பிடித்துத் தொலைத்ததே என்று எரிச்சலாகவும் இருந்தது.

சேர்ந்த அறைக்கு மேலாளராக வந்தவர் அந்தப் பக்கத்து ஆள். வாயைத் திறந்தால் இணைப்பு, ஒருங்கிணைப்பு. அதனால் ரெண்டாம் நாளே அவர் இணைப்பு சார் ஆகிவிட்டார். கெட்டவர் இல்லை. தேதிக்குப் பயந்தவர். பெட்டி கட்டும் முன்னால் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார். வேலைமுறைத் தாள். அவரவர் என்ன செய்கிறார்கள், என்ன அடையாளம் வைக்கிறார்கள், எது எங்கே நிற்கும், எல்லாம் எழுதித் தரவேண்டும். அந்தப் பக்கத்து ஆட்கள் இதைப் படித்து நடந்துகொள்வார்கள்.

பசையண்ணன் மூன்று நாள் பேனாவைக் கடித்து ஒன்றரைப் பக்கம் எழுதினார். பசை அளவு எழுதினார். நூல் எத்தனை இழை என்று எழுதினார். சிவப்புப் பொட்டு என்றால் பக்கம் குறைகிறது, நீலப் பொட்டு என்றால் அட்டை மாற்றவேண்டும். நான்கு இடத்தில் எழுத்துப் பிழையை அக்கா திருத்திக் கொடுத்தாள்.

ஒன்றை மட்டும் எழுதவில்லை. அவர்கள் அறையில் பழுதான புத்தகத்தைத் தலைகீழாக நிறுத்துவார்கள். தலைகீழாக நின்றால் தொடாதே, இது நோயாளி என்று அர்த்தம். இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தான். அதை எழுதவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அக்காவுக்கும் தோன்றவில்லை. சோற்றை வாயில் போட்டு மெல்லவேண்டும் என்று யாராவது எழுதி வைக்கிறார்களா?

அந்தப் பக்கத்திலும் தலைகீழாக நிறுத்துகிற வழக்கம் இருந்தது. அங்கே அதற்கு அர்த்தம் கழிவு. மிகுதிப் பிரதி, இனித் தேவையில்லை, காகித ஆலைக்குப் போகட்டும். அதையும் அவர்கள் யாரும் எழுதவில்லை. அதே காரணம்தான்.

பசையண்ணன் அலமாரியின் கீழ்த்தட்டில் அறுபத்தொரு மழை ஏடுகள் தலைகீழாக நின்றன. யாரோ ஒரு வாத்தியார், அவருக்குப் பின் அவர் மகன், வீட்டு முற்றத்தில் அளவுக் குவளை வைத்து அறுபத்தொரு வருஷம் தினம் பெய்த மழையைக் கைப்பட எழுதிவைத்தது. வருஷத்துக்கு ஓர் ஏடு. பெய்யாத நாளில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். மகன் சாவதற்கு முன்னால் நூலகத்துக்குக் கொடுத்தார். வேறு பிரதி உலகத்தில் கிடையாது. முதுகு பிய்ந்து, தையல் விட்டு வந்ததால் பசையண்ணன் ஒவ்வொன்றாகத் தைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் படித்து, எந்த மாசம் என்ன இருக்கிறது என்று அக்கா பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்துமூன்று முடிந்திருந்தது. ஆறு எந்த வருஷம் கரையைத் தாண்டியது என்று தேடி வருகிற மாணவர்களுக்கு அவள் தன் நோட்டைப் பார்த்துப் பதில் சொல்வாள். இன்னும் தைத்து முடியாததால் அறுபத்தொன்றும் தலைகீழாகவே நின்றன.

பெட்டிகள் பாலம் தாண்டிப் போய் இறங்கியது ஒரு திங்கட்கிழமை. அன்றைக்கு வீட்டுக்காரிக்கு ஊசி. இணைப்பு வேலை முடிகிறவரை யாருக்கும் விடுப்பு இல்லை என்று உத்தரவு. “நீ போய்ட்டு வா தம்பி, நான் பாத்துக்கறேன்” என்று அக்கா வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ஒரு குறி போட்டாள். பின்னறையில் ஒருவருக்கொருவர் செய்துகொள்கிற உபகாரம் அது. முன்னே அவள் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவர் அவளுக்குப் போட்ட குறிகள் பத்துக்கு மேல் இருக்கும்.

அந்தப் பக்கத்து ஆட்கள் பெட்டியைப் பிரித்து, எப்படி இருந்ததோ அப்படியே அலமாரியில் அடுக்கினார்கள். அதில் அவர்கள் கெட்டி. தலைகீழாக வந்ததைத் தலைகீழாகவே வைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் கழிவையெல்லாம் ஏற்றியாக வேண்டும் என்று இணைப்பு சார் கத்திரியை விரட்டினார். ஆலை லாரி வாசலில் நின்றது. கத்திரி அலமாரி அலமாரியாகப் போய்த் தலைகீழாக நின்றதையெல்லாம் எடுத்தான். பசையண்ணன் அலமாரிக்கு வந்ததும் கை நின்றது. போய் அந்த ஒன்றரைப் பக்கத் தாளை எடுத்துப் படித்தான். தலைகீழ் பற்றி ஒன்றும் இல்லை. ஏடுகளின் மேல் சிவப்புப் பொட்டும் இல்லை, நீலப் பொட்டும் இல்லை. ஏட்டைத் திறந்தால் கையெழுத்து, நைந்த அட்டை, பிய்ந்த தையல். குப்பைக்குப் போவதற்கு அதைவிட லட்சணம் வேண்டுமா? ஏற்றிவிட்டான். அன்றைக்குப் பசையண்ணனும் அக்காவும் இந்தப் பக்கத்தில் கடைசிப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை காலை, புது அறையில், நாற்பத்துநாலாவது ஏட்டை எடுக்க அக்கா குனிந்தாள். கீழ்த்தட்டில் தூசு, தூசில் அறுபத்தொரு கோடு.

அக்கா கத்தவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பசையண்ணனும் கத்திரியும் நூலக வேனை எடுத்துக்கொண்டு ஆலைக்கு ஓடினார்கள். ஒன்றரை மணி நேர ஓட்டம். கத்திரி ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தான்.

“அண்ணே, உங்க தாளை நாலு தடவை படிச்சேண்ணே. அதுல இல்லையேண்ணே.”

பசையண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஆலையில் லுங்கியை மடித்துக் கட்டியிருந்த ஒருவன் அவர்களை ஒரு தொட்டிக்கு அழைத்துப் போனான். உள்ளே சாம்பல் நிறத்தில் கூழ் சுற்றிக்கொண்டிருந்தது.

“நேத்து சாயங்காலமே கரைச்சாச்சு. இதுல எது உங்களுதுன்னு சொன்னா எடுத்துக் குடுத்துர்றேன்” என்றான். கிண்டல்தான். ரெண்டு பேர் முகத்தையும் பார்த்த பிறகு, “எதாச்சும் முக்கியமானதா?” என்றான்.

வாசலில் அட்டைகளைத் தனியாகப் பிய்த்துப் போட்ட குவியல் இருந்தது. பசையண்ணன் அதில் முட்டி போட்டுத் தேடினார். ஒன்று அகப்பட்டது. போன மாசம் அவரே புது முதுகு வைத்து ஒட்டின அட்டை. தாள் எல்லாம் போயிருந்தது, அவர் ஒட்டின முதுகு மட்டும் அப்படியே இருந்தது. சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விசாரணை. இணைப்பு சார், இந்தப் பக்கத்து அதிகாரி ஒருவர், அந்தப் பக்கத்து அதிகாரி ஒருவர். காணாமல் போனதைக் கண்டுபிடித்தவள் என்று அக்காவையும் மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். ரெண்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்துகிற முதல் காரியம் என்று இணைப்பு சார் ஆரம்பத்தில் சொன்னார். துக்க வீட்டில் மைக் பிடித்த மாதிரி இருந்தது.

“தலைகீழா இருந்தா உங்க பக்கம் என்ன அர்த்தம்?”

“கழிவு சார். நான் வேலைக்கு வந்த நாள்லேருந்து அதான்” என்றான் கத்திரி.

“உங்க பக்கம்?”

“பழுது சார். யாரும் தொடக்கூடாது” என்றார் பசையண்ணன்.

“இதை வேலைமுறைத் தாள்ல எழுதினீங்களா?”

தாள் மேசைமேல்தான் கிடந்தது. எழுதவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

“எழுதல சார்.”

“ஏன் எழுதல?”

இருபத்தெட்டு வருஷம் பசையைத் தவிர எதற்கும் பதில் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். தோன்றவில்லை சார் என்பது ஒரு பதில். அந்தப் பதிலைச் சொன்னால் அந்த ஒற்றை நாற்காலி கத்திரிக்குப் போகும். நாற்காலியோடு அட்டை போகும். அட்டையோடு ஊசி. கறுப்புப் பொட்டு பெரிசாகிப் பெரிசாகி, ஓரத்தில் தெரிகிற காதும் தெரியாமல் போகும். இவ்வளவும் ஒரு மூச்சு இழுக்கிற நேரத்தில் அவருக்குள் ஓடியது.

“வாயால சொன்னேன் சார். திங்கக்கிழமை பெட்டி எறக்கும்போது இவன்கிட்ட சொன்னேன்.”

கத்திரி திரும்பிப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. கூட்டத்தில் கை விட்டுப்போன குழந்தை பார்க்கிற பார்வை.

“அண்ணே? எங்கிட்டயா?”

“சொன்னேன் சார்” என்றார் மறுபடியும், மேசையைப் பார்த்து.

“திங்கக்கிழமை நான் இவரைப் பாக்கவே இல்ல சார்!”

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். திங்கட்கிழமை, பசையண்ணன் பெயருக்கு நேரே ஒரு குறி. அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறந்தால் அவள் போட்ட குறி முதலில் வெளியே வரும். ரெண்டு வருஷத்தில் ஓய்வு. அவள் வாயைத் திறக்கவில்லை.

இருபத்தெட்டு வருஷச் சொல்லுக்கும் ஆறு வருஷச் சொல்லுக்கும் தராசு பிடித்தால் எது தாழும் என்று சொல்லவேண்டியதில்லை. அடுத்த புதன்கிழமை உத்தரவு வந்தது. கத்திரி கவனக்குறைவுக்காக நீக்கப்பட்டான். உபரியாகக்கூட இல்லை. உபரிக்காவது ஒரு நல்ல சான்றிதழ் கொடுப்பார்கள். நாற்காலி பசையண்ணனுக்கு.

வீட்டுக்கு வந்து சொன்னார். வீட்டுக்காரி கட்டிலில் உட்கார்ந்து கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பையன் பாவம். நீங்க சொல்லியுமா கேக்கல?”

“சொன்னேன். அவன் காதுல வாங்கல.”

“என்னைக்குச் சொன்னீங்க?”

“பெட்டி வந்து எறங்கின அன்னைக்கி. திங்கக்கிழமை.”

அவள் மருந்துக் குப்பியை மூடினாள். மூடி சரியாக உட்காராமல் ரெண்டு தரம் திருகினாள்.

“திங்கக்கிழமை நீங்க எங்கூடல்ல இருந்தீங்க?”

பசையண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“காலையில ஏழு மணிக்குப் போயி, சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தானே வந்தோம்? என் கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. அது வேற யாராவதா?”

“எல்லாம் உன் கண்ணுக்காகத்தான்.”

“என் கண்ணு உங்களைக் கேட்டுச்சா?” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “எனக்குத் தெரியற அந்தக் கொஞ்சத்துல, இனிமே உங்களைப் பாக்கணும்ல நான்?”

அன்றைக்குச் செய்தித்தாள் மடித்தது மடித்தபடி கிடந்தது. வியாழனும் அப்படியே. வெள்ளியும் அப்படியே. சனிக்கிழமை, “அந்தப் பையன் வீடு எங்க இருக்குன்னு தெரியுமா?” என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாலத்தைத் தாண்டிப் போனார். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை வீடு. பள்ளிக்கூடம் திறக்கிற மாசம். கத்திரி தரையில் உட்கார்ந்து குழந்தைகளின் நோட்டுகளுக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டுக்கொண்டிருந்தான். அளவுகோல் இல்லாமல் வெட்டின ஓரம் நூல் பிடித்த மாதிரி இருந்தது. அவன் பெண்டாட்டி இவரைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். உள்ளே என்றால் அறையின் அந்த மூலைக்கு.

“வாங்கண்ணே” என்றான் கத்திரி. அந்த ‘அண்ணே’தான் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

“தம்பி, நான் உன்கிட்ட சொல்லல. பொய் சொல்லிட்டேன்.”

கத்திரி மடித்த தாளை நகத்தால் அழுத்தி மடிப்பு வைத்தான்.

“இதை எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க? அன்னைக்கி அந்த அறையில, நீங்க சொல்லலைங்கறது எனக்குத் தெரியாதா? தெரியாதவங்க மேசைக்கு அந்தாண்ட உக்காந்திருந்தாங்க. போயி அவங்ககிட்ட சொல்லுங்க.”

“என் வீட்டுக்காரிக்குக் கண்ணு...”

“எல்லார் வீட்லயும் எதாவது ஒண்ணு இருக்குண்ணே” என்று அவன் நோட்டுகளைக் காட்டினான். “சொல்றதா இருந்தா அங்க சொல்லுங்க. இல்லையா, விடுங்க. ஆனா உங்க பாரத்தைக் கொண்டாந்து இங்க எறக்கி வெச்சிட்டுப் போகாதீங்க. என் வீடு என்ன கழிவுப் பெட்டியா?”

மூலையில் இருந்து அவன் பெண்டாட்டி சொன்னாள்: “தண்ணி வேணும்னா குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க.”

அவர் குடிக்கவில்லை. குடிக்கிற யோக்கியதை இல்லை என்று நினைத்திருப்பார்.

திங்கட்கிழமை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு இணைப்பு சாரிடம் போனார். நான்கே வரி. திருத்த அக்காவிடம் கொடுக்கவில்லை. ‘எங்கள் அறையில் தலைகீழாக நிற்கும் புத்தகம் பழுதானது. அதைத் தொடக் கூடாது. இதை நான் தாளில் எழுதவில்லை. கத்திரியிடமும் சொல்லவில்லை, சொன்னேன் என்றது பொய்.’ கீழே சம்பளப் பட்டியலில் இருக்கிற பெயரைக் கையெழுத்தாகப் போட்டிருந்தார்.

இணைப்பு சார் ரெண்டு தரம் படித்தார். கதவைச் சாத்தினார்.

“இதை யாருக்காவது காட்டினீங்களா?”

“இல்ல சார்.”

“காட்டாதீங்க. கோப்பு மூடியாச்சு.”

“தெறந்து எழுதிக்கலாமே சார்.”

“என்னண்ணே பேசறீங்க? ரெண்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட மொத விசாரணை. அதுவே தப்புன்னா இந்த இணைப்பே தப்புன்னு கெளம்புவாங்க. கத்திரியும் நாற்காலியை விட்டுட்டான், நீங்களும் உக்காந்தாச்சு. மழை ஏடு திரும்பி வரப்போகுதா?” தாளை மடித்துப் பசையண்ணன் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டார். தோளில் தட்டியும் கொடுத்தார். “நல்ல மனுஷன் நீங்க. போய் வேலையைப் பாருங்க.”

பசையண்ணன் போய் வேலையைப் பார்த்தார். அடுப்பை மூட்டினார். மைதாவைக் கரைத்தார். துத்தம் போட்டார். அன்றைக்குப் பதம் பார்க்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். மதியம் எல்லோரும் சாப்பிட்டுத் திரும்புகிற நேரம், அறை வாசலுக்கு எதிர்ச் சுவரில், கழிவு அலமாரிக்கு மேலே, கண் மட்டத்தில் அந்தத் தாளை ஒட்டினார். பின்பக்கம் முழுக்கத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் காற்றை வெளியேற்றி, ஒரு குமிழ் இல்லாமல் ஒட்டினார்.

ஒவ்வொருவராக வந்தார்கள், நின்றார்கள், படித்தார்கள். அவரவர் இடத்துக்குப் போனார்கள். அந்தப் பக்கத்து ஆள் ஒருவன் மட்டும், “பெரியவரே, இதை ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒட்டியிருக்கலாமே” என்றான். நியாயம்தான்.

அக்கா கடைசியில் வந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தாள்.

“திங்கக்கிழமையைப் பத்தி இதுல ஒண்ணும் இல்லையே தம்பி” என்றாள் மெதுவாக.

“அதுல உங்க கையும் இருக்குல்லக்கா.”

ஏதோ சொல்லப் போகிறாள் என்று அவர் நினைத்தார். அவள் தன் இடத்துக்குப் போய், நாற்பத்துமூன்றோடு நின்றுபோன நோட்டை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள். அதற்குப் பிறகு அவரைத் தம்பி என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை. அவளைக் குற்றம் சொல்ல அவருக்கு வாய் கிடையாது.

சாயங்காலம் இணைப்பு சார் துப்புரவு ஆளைக் கூட்டி வந்து தாளை உரிக்கச் சொன்னார். அவன் வெந்நீர் விட்டுப் பார்த்தான். தகடு வைத்துச் சுரண்டினான். ஓரம் கிழிந்தது, சுண்ணாம்பு உதிர்ந்தது, எழுத்து நின்றது. “ஒட்டினவரையே உரிக்கச் சொல்லுங்க சார், என்னால ஆகாது” என்று தகட்டைக் கீழே போட்டான். இணைப்பு சார் பசையண்ணனைப் பார்த்தார். பசையண்ணன் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை இந்தப் பக்கத்து அதிகாரி வந்து படித்தார். புதன்கிழமை அந்தப் பக்கத்து அதிகாரி. வியாழக்கிழமை பசையண்ணன் கையில் ஓர் உறை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் அதைப் பாலத்தில் நின்று ஒருதரம் படித்தார். பிறகு மடித்து, சட்டைக்குள் ஆலையில் பொறுக்கின அந்த அட்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

வீட்டுக்காரி தாள் பிரிகிற சத்தம் கேட்டு நிமிர்ந்தாள்.

“என்ன எழுதியிருக்காங்க?”

அவள் முகம் அவரைப் பார்த்து இருந்தது, கண் அவர் காதைப் பார்த்து இருந்தது. தாளில் ஆறு வரி. அஞ்சாவது வரியைத் தாண்டிவிட்டு ஆறாவதுக்குப் போனால் இந்தச் சாயங்காலம் நிம்மதியாகப் போகும். அடுத்த ஊசித் தேதி வரைக்கும்கூட நிம்மதியாகப் போகும்.

அவர் படித்தார். விசாரணை மறுபடி திறக்கப்படுகிறது. நீக்கப்பட்ட ஊழியரின் விளக்கம் மறுபடி கேட்கப்படும், அவரை வேலையில் திரும்பச் சேர்ப்பது பற்றி இப்போதைக்கு எந்த முடிவும் இல்லை. பொய் சொன்னதாக எழுதிக் கொடுத்தவர் இனி அறைக்குள் வரக் கூடாது. நாற்காலி காலியாக வைக்கப்படும். இங்கே நிறுத்தினார்.

“மருத்துவ அட்டையை இந்த வாரத்துக்குள் திரும்ப ஒப்படைக்க வேண்டும்” என்று படித்தார்.

பிறகு ஆறாவது வரி. தேதி, கையெழுத்து, ரெண்டு பல்கலைக்கழகத்தின் முத்திரை.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“ஒண்ணும் விடலையே?”

“விடல.”

அவள் தலையணைக்கடியில் கையை விட்டு மருத்துவ அட்டையை எடுத்தாள். விரலால் அதன் நாலு மூலையையும் ஒருதரம் தடவிப் பார்த்தாள். பிறகு அதை அவர் இருக்கிற பக்கமாக, கொஞ்சம் தள்ளி, காற்றில் நீட்டினாள். அவர் எழுந்து போய் வாங்கிக்கொண்டார்.